போடாத முதல் வாக்கு

1931 மே 4. இலங்கை அரசாங்க சபைக்கு வேட்புமனு ஏற்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவர்கூட மனுப் போடவில்லை. போட்டியிட ஆசைப்பட்டவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. பழைய சட்டநிரூபண சபையில் இருந்து பழகிய பெரிய மனிதர்கள் இருந்தார்கள். கொழும்பில் பெயர் எடுத்த அப்புக்காத்துமார் இருந்தார்கள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்புக்கு முன்னால் அத்தனை பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆங்கிலேய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு தந்த சீர்திருத்தம் அரைகுறை, எங்களுக்கு வேண்டியது பூரண சுயராச்சியம் என்று தீவின் வடமுனை ஒரே குரலில் சொன்னது. தென்னிலங்கைத் தேசியவாதிகள் சிலரே அதைப் பார்த்து வியந்தார்கள்.

இலங்கைப் பெண்களுக்கு முதன்முதலாக வாக்கு கிடைத்த தேர்தலும் அதுதான். 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு. ஆசியாவில் சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதல் பொதுத்தேர்தல். அதற்கு முன்னர் படிப்பும் சொத்தும் உள்ள ஆண்களுக்குத்தான் வாக்கு இருந்தது, சனத்தொகையில் நூற்றுக்கு 4 பேர் அளவில். அந்தக் கதவு 1931 இல் ஒரேயடியாகத் திறந்தது. யூன் மாதம் தெற்கிலும் மலையகத்திலும் கிழக்கிலும் பெண்கள் வாக்களித்தார்கள். நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் வல்வெட்டித்துறையிலும் வேலணையிலும் பெண்கள் வாக்களிக்கவில்லை. அவர்களுக்கு அந்த நாள் வர 1934 ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தின் சுதந்திரப் போராட்டத்தை எழுதுகிறவர்கள் இந்தப் பகிஷ்கரிப்பை வாலிபர்களின் வீரமாக எழுதுகிறார்கள். வீரம்தான், சந்தேகமே இல்லை. அந்த வீரத்துக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஆண்கள், குறைந்தபட்சம் வசதியுள்ள ஆண்கள், முன்பு வாக்களித்துப் பழகியவர்கள். அவர்கள் விட்டது ஒரு தேர்தலை. பெண்கள் விட்டது தங்கள் முதல் தேர்தலை. அதை விடச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

சிறைக்குப் போனவர்கள், அடிவாங்கியவர்கள் என்று தேடினால் யாழ்ப்பாணத்துப் பெண்களின் பெயர் அகப்படாது. இலங்கையின் சுதந்திரம் பெரும்பாலும் மனுக்களாலும் மாநாடுகளாலும் பேச்சுவார்த்தைகளாலும் வந்தது. அந்த வழியில் பெண்கள் என்ன கொடுத்தார்கள், அவர்களிடமிருந்து என்ன எடுக்கப்பட்டது என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்.

காப்பும் சங்கிலியும்

நல்லூருக்கு அந்நிய ஆட்சி நேற்றைய கதை அல்ல. 1619 இல் போர்த்துக்கீசர் சங்கிலி குமாரனைப் பிடித்துக்கொண்டுபோன நாளில் இந்த ராசதானி விழுந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள், 1948 இல்தான் கொடி இறங்கியது. முந்நூறு வருடத்துக்கு மேல். முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலையாக நிற்கிறான், மந்திரிமனை இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. இந்த நீண்ட கதையின் கடைசி அத்தியாயத்தைத் தொடக்கிவைத்தவர்கள் ஒரு சில ஆசிரியர்களும் மாணவர்களும்.

1924 இல் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் பிறந்தது. முன்னணியில் ஹண்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். சுயராச்சியம், தமிழ் சிங்களம் என்ற பேதமில்லாத ஒரே நாடு, சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, சீமைத் துணிக்குப் பதில் வேட்டியும் சால்வையும். அந்தக் காலத்துக்கு இவை பெரிய வார்த்தைகள். பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. அதன் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை.

அவர்களுடைய அழைப்பில்தான் 1927 நவம்பர் 26 இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். கஸ்தூரிபா உடன் வந்தார், ராஜாஜியும் மகாதேவ தேசாயும் வந்தார்கள். 29 ஆம் திகதி வரை நின்று பாடசாலை பாடசாலையாகப் போனார். வந்த நோக்கம் கதர் நிதி. போன இடமெல்லாம் பணமுடிச்சு. இலங்கைக் கூட்டங்களில் பெண்கள் போட்டிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்ததும் உண்டு.

நகை கொடுத்ததைப் பக்தி என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். நான் அப்படிக் கடக்க மாட்டேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் அவளுடைய சொத்துக்கும் உள்ள உறவு தெரிந்தால்தான் அந்தக் கொடையின் பாரம் தெரியும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி பெண்ணுக்குச் சீதனம் உண்டு. காணி அவள் பெயரில், வீடு அவள் பெயரில், உறுதியும் அவள் பெயரில். 1911 ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது, யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளும் முதுசொத்தும் பற்றியது. அந்தச் சட்டம் மனைவியின் சொத்து அவளுடைய தனிச்சொத்து என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட கையோடு ஒரு பூட்டும் போட்டது. அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம். காணி, வீடு என்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

ஆகவே கலியாணம் முடித்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் யாரையும் கேட்காமல், எந்த நொத்தாரிசிடமும் போகாமல், தன் கையால் தூக்கிக் கொடுக்கக்கூடிய பெறுமதியான பொருள் அவள் கழுத்திலும் கையிலும் கிடந்த பவுண் ஒன்றுதான். அவளுக்கு வாக்கு இல்லை. மேடை இல்லை. காணியை விற்றுக் கொடுக்க வழியில்லை. சட்டம் அவளுக்கு விட்டுவைத்திருந்த ஒரேயொரு சுதந்திரத்தை எடுத்துத்தான் அவள் பாரத நாட்டின் சுதந்திரத்துக்குக் கொடுத்தாள். சிறைக்குப் போவதை அரசியல் என்கிறோம். இதையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டங்களுக்கு வெளியே நின்ற பெண்களையும் நினைக்கவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் குடாநாட்டில் மேற்சட்டை போடுவதற்கும் நகை அணிவதற்கும் ஆதிக்க சாதியாரின் தடை இருந்த காலம் அது. ஒருத்தி காப்பைக் கழற்றிக் கொடுத்துத் தேசபக்தை ஆனாள். அவள் வளவில் கூலிக்கு நெல்லுக் குத்திய இன்னொருத்தி காப்பைப் போட்டாலே அடி விழும். காந்தி யாழ்ப்பாணத்தில் தீண்டாமையைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். பேச்சைக் கேட்ட ஊரில் நல்லூர்க் கந்தன் கோயில் எல்லாச் சாதியாருக்கும் திறக்க 1956 ஆகியது. காந்தி வந்து போய் 29 வருடம்.

மருதனார்மடத்தில் ஒரு பேச்சு

யாழ்ப்பாணப் பயணத்தின் கடைசி நாளில் காந்தி இரண்டு பெண்கள் பாடசாலைகளில் பேசினார். ஒன்று உடுவில், 1824 இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கியது. மற்றது மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி, 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டியது. மிசன் பாடசாலைக்குப் போனால் பெண்பிள்ளை மதம் மாறிவிடும் என்று பயந்து படிக்க விடாத சைவ வீடுகளுக்கு இராமநாதன் தந்த பதில் அந்தக் கல்லூரி. இன்றைக்கும் வடக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பூட்டிமாரும் பாட்டிமாரும் படித்த இடம்.

அங்கே மாணவிகள் காந்திக்குப் பணமுடிச்சு கொடுத்தார்கள். வருடாவருடம் இந்த நாளை நினைவுகூர்ந்து கதருக்கு நிதி சேர்ப்போம் என்று வாக்கும் கொடுத்தார்கள். காந்தி மகிழ்ந்து, அந்த வாக்கைக் காப்பாற்றுவீர்கள் என்று நம்புகிறேன் என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். படித்து முடித்த பெண்பிள்ளைகள் பாடசாலையை விட்டதும் பொதுவாழ்விலிருந்து மறைந்துபோகிறார்கள், நீங்களும் அப்படித்தான் மறையப் போகிறீர்களா என்ற பொருளில் அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை மாணவிகளிடம் கேட்டதைவிட அவர்களைப் பெற்றவர்களிடமும் கல்லூரி நிறுவனரிடமும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி கட்டிய இராமநாதன்தான் பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று டொனமூர் காலத்தில் வாதாடினார். எல்லாருக்கும் வாக்கு என்பதே அவருக்கு ஒவ்வாத விஷயம். பெண்ணின் இடம் வீடு, அவளை அங்கே நிம்மதியாக இருக்க விடுங்கள் என்ற கட்சி. இராமநாதனின் தொண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கல்லூரியில் படித்த பெண்கள்தான் பின்னாளில் இந்தக் குடாநாட்டின் பாடசாலைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் எழுத்தறிவு கொடுத்த கை வாக்குச்சீட்டைத் தடுக்கவும் நீண்டது. இரண்டும் ஒரே மனிதரின் கை. எங்கள் சமூகம் பெண்கல்வியை எந்த எல்லை வரைக்கும் விரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்த எல்லையைத் தாண்டிப் பார்த்தவர்கள் அதற்கு முன்னரே இருந்தார்கள். 1923 இல் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ என்ற பெண்கள் பத்திரிகையை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். அவருடைய வண்ணார்பண்ணைக்கும் நல்லூருக்கும் நடைதூரம். ஒரு பெண் ஆசிரியராக இருந்து பெண்களுக்காகப் பத்திரிகை நடத்துவது அன்றைய யாழ்ப்பாணத்தில் சின்னக் காரியம் இல்லை.

அவர்களும் பெண்கள்தானே

காந்தி இலங்கையில் இருந்த அதே 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழுவும் தீவில் வந்து இறங்கியிருந்தது. அவர் கப்பலேறி அதிக நாள் ஆகவில்லை, டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகியது. செயலாளர் அக்னஸ் டி சில்வா. முன்னணியில் நின்றவர்களில் ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு. டொக்டர் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர், இலங்கையின் முதல் தமிழ்ப் பெண் மருத்துவர்களில் ஒருவர்.

சங்கம் ஆணைக்குழு முன் போய்ச் சாட்சி சொன்னது. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தபோது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று அக்னஸ் பதில் சொன்னார். கொழும்பின் வசதியான வீடுகளிலிருந்து வந்த பெண்கள் அவர்கள். தங்களுக்கு மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாம். அன்றைய ஆண் தலைவர்களில் மிகப் பலர் அந்தளவுக்குக் கூடப் போகவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரஸின் பெரியவர்களே படிப்பும் வருமானமும் பார்த்து வாக்குக் கொடுங்கள் என்றுதான் நின்றார்கள். 1928 இல் வந்த ஆணைக்குழு அறிக்கை பெண்களுக்கு 30 வயதில் வாக்கு என்று சொன்னது. சட்டமானபோது அது ஆண்களைப் போலவே 21 ஆனது.

இந்த வெற்றி கொழும்பில் கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கைக்கு அது வந்து சேர்வதற்கு முன் இடையில் ஒரு மாநாடு வந்தது.

கமலாதேவி வந்த மாநாடு

1931 ஏப்ரல் கடைசியில் வாலிபர் காங்கிரஸின் ஆண்டு மாநாடு. மேடையின் நாயகி கமலாதேவி சட்டோபாத்யாய். மங்களூரில் 1903 இல் பிறந்தவர். சிறுவயதிலேயே விதவையாகி, மறுமணம் செய்து, ஊர்வாயைப் பொருட்படுத்தாமல் வாழ்ந்தவர். 1926 இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். இந்தியாவில் சட்டசபைக்குப் போட்டியிட்ட முதல் பெண் அவர். 1930 இல் காந்தி தண்டி யாத்திரைக்கு ஆண்களை மட்டும் தெரிந்தெடுத்தபோது, பெண்களையும் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்க்கவேண்டும் என்று அவரிடமே போய் வாதாடியவர். பிறகு பம்பாயில் உப்புக் காய்ச்சி, பொட்டலம் கட்டித் தெருவில் விற்றுச் சிறை போனார். அந்தச் சூட்டோடு யாழ்ப்பாணம் வந்திருந்தார்.

வேட்டி கட்டிய இளைஞர்கள் நிறைந்த சபையில், 28 வயதே ஆன அந்தப் பெண் சுயராச்சியத்தைப் பற்றிப் பேசியபோது கூட்டத்தில் ஏறிய உணர்ச்சியை ஊகிக்கக் கஷ்டமில்லை. சுயராச்சியம் பிறப்புரிமை, டொனமூர் யாப்பு அதற்குத் தடை, ஆகவே அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்ற தீர்மானம் நிறைவேறியது. ஆளுநருக்கு ஒதுக்கிய அதிகாரங்களும், நீதி, நிதி முதலியவற்றை வெள்ளைக்கார அதிகாரிகள் மூவரின் கையிலேயே விட்டதும் அவர்கள் சொன்ன நியாயம். நியாயம்தான். அந்த யாப்பு சுதந்திரம் அல்ல.

நான் அந்தத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். வாக்குப்பெட்டிக்குப் போகும் உரிமைக்காகத் தன் நாட்டில் போராடிய ஒரு பெண் மேடையில் இருக்கிறார். அந்த உரிமையை அப்போதுதான் பெற்ற ஒரு ஊரின் பெண்கள் அதை முதல்முறை தொடுவதற்கு முன் அது மடித்து வைக்கப்படுகிறது. தீர்மானத்தை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் சாதிக்கு எதிராக அவர்கள் அளவுக்கு வெளிப்படையாக நின்ற வேறொரு கூட்டம் இல்லை. பாடசாலைகளில் சம ஆசனம் வந்து, அதற்கு எதிராகக் கொட்டில் பாடசாலைகளைச் சிலர் கொளுத்திய வருடங்கள் அவை. அந்த நெருப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள் இந்த வாலிபர்கள். அப்படிப்பட்டவர்களின் கண்ணுக்குக்கூட, வாக்குரிமை என்பது பெண்ணுக்கு ஆணுக்கு இருப்பதிலிருந்து வேறொரு பொருள் என்பது படவில்லை.

அதிலும் ஒரு பெண்ணுக்கு அது எல்லாவற்றையும்விடப் பெரிய பொருள். காணி இல்லாத, கோயிலுக்குள் போக முடியாத, ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாத, மேற்சட்டை போட முடியாத பெண்ணுக்கு. அவளுடைய வாக்கும் வளவுக்காரி வாக்கும் வளவுக்காரன் வாக்கும் ஒரே எடை. அன்றைய முறைப்படி வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி, எழுத வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, நிறம் தெரிந்தால் போதும். குடாநாட்டில் எங்கேயும் அவளுக்குக் கிடைக்காத சமத்துவம் அந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும் கிடைத்திருக்கும். வாக்குரிமையை எதிர்த்த பெரிய மனிதர்கள் பயந்ததும் அதற்குத்தான். அந்தப் பெரிய மனிதர்களுக்கு மூன்று வருடம் அவகாசம் கிடைத்தது, அவர்களை எதிர்த்து நின்ற வாலிபர்களின் கையாலேயே.

இடைப்பட்ட காலத்தில் ஒன்று நடந்தது. 1932 மே மாதம் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து வென்று அரசாங்க சபைக்குள் போனார். கணவர் டொக்டர் இரட்ணஜோதி சரவணமுத்துவின் ஆசனம் பறிபோன இடத்தில் நின்று பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். இலங்கையின் சட்டசபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண். முந்தின வருடம் ருவன்வெலவில் வென்ற அடலின் மொலமுறேக்கு அடுத்த இரண்டாவது பெண் உறுப்பினர். அதாவது, ஒரு தமிழ்ப் பெண் சபையில் உட்கார்ந்து சட்டம் இயற்றிக்கொண்டிருந்த இரண்டு வருடம், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்ணால் ஒரு வாக்குப் போட முடியவில்லை.

1934 இல் நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறையில் இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை, ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறையில் ஜி. ஜி. பொன்னம்பலம். நால்வரும் ஆண்கள், நால்வரும் பெரிய இடம். பகிஷ்கரிப்பின் கனவு அதோடு கலைந்தது. ஒரே நாடு என்ற வாலிபர் காங்கிரஸின் குரல் தேய்ந்து, இனவாரி ஆசனக் கணக்கு மேலெழுந்தது. மிச்சத்தை எல்லாரும் அறிவார்கள்.

அந்த மூன்று வருடத்தை யாழ்ப்பாணத்துப் பெண்கள் இழந்ததை, ஏகாதிபத்தியத்துக்கு எதிரான போராட்டத்துக்கு அவர்கள் செலுத்திய பங்கு என்று நான் கணக்கு வைக்கிறேன். அவர்கள் விரும்பிச் செலுத்தினார்களா, மனக்கசப்போடு செலுத்தினார்களா என்பதை எழுதிவைக்க அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மௌனமும் வரலாற்றின் பகுதி.

அக்கரையில்

பருத்தித்துறையிலிருந்து வடமேற்கே கடல் தாண்டினால் கோடியக்கரை, அதற்கு அந்தப் பக்கம் வேதாரணியம். தோணிக்காரருக்கு அது பக்கத்து ஊர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அங்கே உப்பு அள்ளினார். அந்தச் சத்தியாக்கிரகத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, உப்புப் போராட்டத்தில் சிறை போன முதல் பெண் என்று பெயர் பெற்றார். மூன்று வருடத்துக்கு முன் யாழ்ப்பாண மேடைகளில் காந்திக்குப் பக்கத்தில் நின்ற அதே ராஜாஜி. இக்கரைப் பெண்கள் பணமுடிச்சோடு நின்றார்கள், அக்கரைப் பெண்கள் சிறைக்குள் போனார்கள். துணிச்சலில் ஏதும் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அங்கே பெண்களுக்கு ஒரு வாசல் திறக்கப்பட்டிருந்தது, அதுவும் கமலாதேவி போன்றவர்கள் சண்டை பிடித்துத் திறந்த வாசல். இங்கே அந்த வாசலே இல்லை.

வாசல் திறந்தால் யாழ்ப்பாணத்து இரத்தம் என்ன செய்யும் என்பதை மலாயாவில் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து குடாநாட்டு ஆண்கள் கிளறிக்கல், ரெயில்வே, நில அளவை என்று மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். மலாயாக் காசில் நல்லூரிலும் கொக்குவிலிலும் எழும்பிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. ‘மலாயன் பென்சனியர்’ என்றால் யாழ்ப்பாணத்தில் தனி மரியாதை. ஆங்கிலேயரின் அலுவலகத்தை நடத்திக் கொடுத்த சமூகம், ஆங்கிலேயருக்கு விசுவாசமான சமூகம் என்று பெயர் எடுத்தது. அப்படியான சமூகத்தில் 1927 இல் ஈப்போவில் பிறந்தவர் இராசம்மா நவரத்தினம்.

1943 யூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து, பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். சென்னையிலிருந்து போய் அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் லட்சுமி சுவாமிநாதன் வீடு வீடாக அலைந்து இருபது பெண்களைச் சேர்த்தார். அவர்கள் சேலை உடுத்து, தூக்கவே பாரமான துவக்குகளை ஏந்தி அணிவகுத்துப் போஸுக்கு மரியாதை செலுத்தினார்கள். ஒக்டோபர் 22 இல் ஜான்சி ராணி படையின் பயிற்சிப் பாசறை சிங்கப்பூரில் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவை ஒருநாளும் கண்ணால் காணாதவர்கள் பலர். அவர்களோடு பதினாறு வயது இராசம்மாவும் அக்கா பொன்னம்மாவும் சேர்ந்தார்கள்.

யாழ்ப்பாணத்து வழிவந்த ஒரு வீட்டில் அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சாதகம் வெளியே வரும், சீதனப் பேச்சுத் தொடங்கும். இந்த இரண்டு பிள்ளைகளும் தலைமயிரைக் கத்தரித்து, காற்சட்டை போட்டு, துவக்குப் பிடித்துப் பர்மாவுக்குப் போனார்கள். படை போர்முனையில் இறங்கும் நாள் வரவே இல்லை. இம்பால் தோல்விக்குப் பிறகு பெண்கள் மேமியோவில் காயக்காரரைப் பராமரித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிடப்பட்டபோது, மேலே விமானங்கள் குண்டு போட, இரவில் நடந்தும் பகலில் பதுங்கியும் சித்தாங் ஆற்றைக் கடந்து பாங்கொக் நோக்கிப் பின்வாங்கினார்கள். பர்மாவில் ரெயில் வண்டி மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள்.

போஸ் ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்ததை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பர்மா ரெயில் பாதைக்கு ஜப்பானியர் இழுத்துக்கொண்டுபோய்ச் சாகடித்த தோட்டத் தமிழர்களை நினைத்தால் அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் போனது தங்களுக்குத் தெரிந்த ஓர் எசமானை எதிர்த்துத்தான்.

இராசம்மா பூபாலன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவரின் மிச்ச வாழ்க்கை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. யுத்தம் முடிந்து படித்து ஆசிரியரானார். மலாயாவில் ஒரே தகுதி, ஒரே வேலை, ஆனால் பெண் ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம். 1960 இல் பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் கண்டு, சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடி, அதை வென்றார். துவக்குப் பிடித்த காலத்தில் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற எண்ணம் இருந்ததால்தான் பதினாறு வயதில் துவக்குப் பிடித்தார்.

கணவனின் கையொப்பம்

1948 இல் ஆங்கிலேயர் போனார்கள். அவர்கள் 1911 இல் எழுதிய அந்தச் சட்டம் போகவில்லை. தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் முடித்த பெண்ணுக்கு இன்றைக்கும் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. தன் பெயரில் உள்ள காணியை அவன் மனைவியைக் கேட்காமல் விற்கலாம்.

நல்லூரில் எந்த நொத்தாரிசின் கந்தோரிலும் ஒரு காலைப்பொழுது இருந்து பார்த்தால் இது விளங்கும். அம்மா கொடுத்த உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஒருத்தி வருவாள். தோம்பு, எல்லை, பரப்பு எல்லாம் சரி. ‘அவர் வந்திருக்கிறாரோ?’ என்பது முதல் கேள்வி. அவர் கனடாவில் என்றால் அங்கே ஒப்பமிட்டு உறுதிப்படுத்திய பத்திரம் வரவேண்டும். அவர் விட்டுப் பிரிந்து போனவர் என்றால் மாவட்ட நீதிமன்றம் போய்ச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை கேட்கவேண்டும். அவர் 2009 இல் காணாமற் போனவர் என்றால், அவளிடம் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அவர் செத்துப்போனார் என்று எழுதிக் கொடுக்க அவளுக்கு மனம் வராது. பிள்ளையின் படிப்புக்கு என்று அவள் அம்மா ஒதுக்கிக் கொடுத்த இரண்டு பரப்புக் காணி அப்படியே கிடக்கும்.

பெண்கள் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் பல வருடமாக இந்தப் பிரிவை மாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். தேசவழமையில் கைவைத்தால் தமிழரின் அடையாளத்தில் கைவைத்ததாகும் என்று ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமைக்கு மேல் ஆங்கிலேயர் 1911 இல் எழுதிய ஒரு பிரிவை எங்கள் அடையாளம் என்று கட்டிக்காப்பவர்கள், 1931 இல் அதே ஆங்கிலேயரின் யாப்பு வேண்டாம் என்று எழுந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள். அந்தப் பிரிவை நீக்கக் கொழும்பு நாடாளுமன்றத்தில் ஒரு சின்னத் திருத்தம் போதும். வடக்கிலிருந்து போகும் உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் தெற்கில் எதிர்க்க யாருக்கும் காரணம் இல்லை.